நாலாம் நம்பர் பின்னூட்டம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு டான்யாவின் விருந்து திறக்கும். ஆறு மணி ஒரு நிமிடம் என்று ஆகிவிட்டால் நாற்பது பேருக்குப் பின்னால்தான் இடம். அதனால் ஐந்தே முக்காலுக்கே ரெனே டோலஃப்ஸ்ரூட் காபியை ஊற்றிக்கொண்டு சமையலறை மேசையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வெளியே மினசோட்டாவின் மார்ச் மாதப் பனி அழுக்காகிக் கிடக்கும்.

விருந்து என்று பேர்தானே ஒழிய சாப்பாடு கிடையாது. டெக்சாஸில் இருக்கும் டான்யா என்பவள் தன் வலைப்பூவில் ஒரு பட்டியலைத் திறந்து வைப்பாள். சமையல், தையல், பழைய நாற்காலிக்கு வண்ணம் அடிப்பது என்று எழுதுகிற பெண்கள் நாடு முழுக்க இருந்து வந்து, அவரவர் பதிவின் இணைப்பை ஒரு சின்னப் படத்தோடு அதில் ஒட்டிவிட்டுப் போவார்கள். சும்மா ஒட்டிவிட்டுப் போக முடியாது. உனக்கு முன்னால் ஒட்டியவள், பின்னால் ஒட்டியவள், இன்னும் இரண்டு பேர், ஆக நாலு வீட்டுக்குப் போய் இனிக்க இனிக்கப் பின்னூட்டம் எழுத வேண்டும். எழுதாதவள் பெயரை டான்யா ஈவு இரக்கமில்லாமல் அடித்துவிடுவாள். எல்லாம் கல்யாண வீட்டு மொய்க் கணக்குத்தான். பிடித்திருக்கிறதோ இல்லையோ, எழுதியாக வேண்டும்.

ரெனேயின் வலைப்பூவுக்கு வயது மூன்று மாதம். பேர் ‘ஒன்பதுக்குப் பதிமூணு’. அந்த ஊரில் எந்த வீட்டைத் திறந்தாலும் ஒன்பது அங்குலத்துக்குப் பதிமூன்று அங்குலத் தட்டு ஒன்று இருக்கும். ஹாட்டிஷ் என்று அந்த ஊரில் சொல்கிற கலவைச் சாப்பாட்டிலிருந்து இனிப்பு வரை அதில் என்னென்ன சுடலாம் என்பதுதான் அவள் எழுதுவது. முதல் மாதம் அவளைப் படித்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். அதில் ஆறு தடவை அவளே திறந்து பார்த்தது. அப்புறம்தான் இந்த விருந்துகளைக் கண்டுபிடித்தாள். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, வியாழன் மூன்று, வெள்ளி இரண்டு. வாரத்துக்கு எட்டு விருந்து, முப்பத்திரண்டு வீடு. எல்லார் வீட்டிலும் போய் உட்கார்ந்து படிக்க அவளென்ன வேலைவெட்டி இல்லாதவளா?

ஆகவே ஆறு பின்னூட்டங்களை எழுதி ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தாள். ஒன்று இனிப்புக்கு, இரண்டு கோழிக்கு, மூன்று நாற்காலிக்கு. நாலாவது, அம்மா பாட்டி என்று யாராவது உருகி எழுதியிருந்தால். ஐந்து குழந்தைகளுக்கு, ஆறு எதற்கும் பொருந்துவது. பதிவின் முதல் வரியைப் பார்ப்பாள். தலைப்புக்குக் கீழேயே பின்னூட்டப் பெட்டிக்குத் தாவுகிற சுட்டி இருக்கும். அதை அழுத்தி, எண்ணைப் பார்த்து ஒட்டி, பெயரும் வலைப்பூ முகவரியும் போட்டு, அடுத்த வீடு. ஒரு வீட்டுக்கு நாற்பது விநாடி. இது ஏமாற்று என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. மற்றவர்களும் அதைத்தானே செய்கிறார்கள்.

அந்தச் செவ்வாய் இரண்டு நிமிடம் பிந்தியதில் அவளுக்குக் கிடைத்த இடம் நாற்பத்தேழு. முன்னால் நாற்பத்தாறில் ‘ஏரியும் எலுமிச்சையும்’ என்று ஒரு புது வலைப்பூ. சின்னப் படத்தில் எலுமிச்சை பார்கள், சதுரமாக வெட்டிய புளிப்பு இனிப்புத் துண்டுகள், மேலே பொடிச் சர்க்கரை. திறந்தாள். ‘இது என் அம்மாவின் செய்முறை’ என்று தொடங்கியிருந்தது. அம்மாவா, நாலாம் நம்பர். ஒட்டினாள்.

‘படித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது. உங்களைப் போன்ற மகளைப் பெற உங்கள் அம்மா கொடுத்து வைத்தவர். இப்படி ஒரு மகளாக நானும் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. ரெனே டோலஃப்ஸ்ரூட்.’

அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஆர்டிஸ் சித்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மாவின் தங்கை, எழுபத்தெட்டு வயது, தேவாலயத்துப் பெண்கள் கூட்டத்தின் செயலாளர். எடுத்ததுமே அழுகைக் குரல்.

“நீ எழுதினதைப் படிச்சேன்டி. என் மனசே ஆறிப்போச்சு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களான்னு உங்கம்மா போனதுலேருந்து வேண்டிக்கிட்டே இருந்தேன்.”

“எதை எழுதினேன் சித்தி?”

“கெய்லீனோட பக்கத்துலதான். அவதான் குடும்பத்துல எல்லாருக்கும் அனுப்பினா. ‘ரெனேயும் எழுதியிருக்கா பாருங்க’ன்னு. நான் ஒரு தாள்ல அச்செடுத்து வச்சிருக்கேன். நேத்து கூட்டத்துல படிச்சேன், மெர்னா கண்ணைத் துடைச்சிக்கிட்டா.”

கெய்லீன் ரெனேயின் தங்கை. அரிசோனாவுக்குப் போய் இருபது வருடமாகிறது. குளிர் ஒத்துக்கொள்ளாதாம். அவளைப் பற்றி ரெனே நினைக்கிற எதையும் ஒரு தேவாலயத்துப் பலகையில் ஒட்ட முடியாது.

தொலைபேசியை வைத்துவிட்டு ‘ஏரியும் எலுமிச்சையும்’ பக்கத்தைத் திறந்தாள். இந்தத் தடவை முதல் வரியோடு நிற்கவில்லை.

‘அம்மாவின் கடைசி நாட்களில் அவளும் நானும் மட்டும்தான். சாப்பாட்டு அறையில் கட்டில், ஜன்னலுக்கு வெளியே பறவைகள். எல்லாரும் அவரவர் வேலையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் நேரமில்லை. எலுமிச்சை பாரில் ஒரு துணுக்கு எடுத்து அம்மாவின் உதட்டில் வைப்பேன். அவள் கண்ணை மூடிச் சிரிப்பாள்.’

கடைசியில் அம்மாவின் படம். அதற்குக் கீழே இருநூற்றுச் சொச்சம் பின்னூட்டங்கள். முதலாவதாக, எல்லாருக்கும் மேலே, ரெனேயின் பெயர்.

அம்மா பக்கவாதம் வந்து பதினொரு மாதம் கிடந்தாள். ரெனே பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். குளிப்பாட்டியது, புரட்டிப் போட்டது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டது, போர்வைகளைத் துவைத்தது எல்லாம் அவள். கடைசி ஆறு வாரம் அம்மாவால் தண்ணீரே விழுங்க முடியவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்ற வேண்டும். அந்த வாயில் இவள் எலுமிச்சை பாரை வைத்தாளாம். கெய்லீன் வந்து இருந்தது நாலே நாள். ஐந்தாம் நாள் சாவுச் சடங்கு, ஆறாம் நாள் விமானம்.

ரெனேயின் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் இல்லை. கல்லூரி முடிக்கவில்லை, பிள்ளை இல்லை, பாட வராது. அந்தப் பதினொரு மாதம்தான் அவளுடைய சொத்து. அதைத்தான் இந்தத் தடிச்சி எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டாள். போதாததற்குக் கீழே ரெனேயே சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறாள். ‘இப்படி ஒரு மகளாக நானும் இருந்திருக்கக் கூடாதா.’ அந்த வரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கணினியைத் தூக்கிப் பனியில் எறிய வேண்டும்போல் இருந்தது.

ஒருமுறை போட்ட பின்னூட்டத்தைப் போட்டவளால் அழிக்க முடியாது. வீட்டுக்காரிதான் அழிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தங்கையின் எண்ணை அழுத்தினாள்.

“அட, ரெனே,” என்றாள் கெய்லீன். குரலில் அரிசோனா வெயில் அடித்தது. “நீ கூப்பிடுவேன்னு நெனச்சேன். ஆனா ரெண்டு நாள் ஆகும்னு நெனக்கல.”

“அதை அழி.”

“எதை?”

“எதுன்னு உனக்குத் தெரியும். நான் எழுதினதை அழி.”

“எதுக்கு அழிக்கணும்? இருபது வருஷத்துல நீ எனக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. சட்டம் போட்டு மாட்டலாமான்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

“உனக்குச் சொன்னது இல்ல அது. அது நாலாம் நம்பர்.”

“என்ன நாலாம் நம்பர்?”

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆறு பின்னூட்டம், கோப்பு, நாற்பது விநாடி எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கெய்லீன் முழுசாகக் கேட்டுவிட்டு நிதானமாகச் சிரித்தாள்.

“அப்போ நீ படிக்கவே இல்ல. அம்மாவைப் பத்தி எழுதினதை, அம்மான்னு இருந்ததுக்காக ஒரு நம்பரைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்ட.”

“நீ அங்க இருக்கவே இல்ல கெய்லீன். நாலு நாள் வந்துட்டுப் போன.”

“நான் எங்கயாவது பதினொரு மாசம்னு எழுதினேனா? கடைசி நாட்கள்னு எழுதினேன். நாலு நாள் கடைசி நாட்கள் இல்லையா?”

“யாருக்கும் நேரமில்லைன்னு எழுதியிருக்க. வாயில பாரை வச்சேன்னு எழுதியிருக்க. அம்மாவால முழுங்கவே முடியாது.”

“அது சமையல் பதிவு, ரெனே. பார் எங்கயாவது வரணும்ல.”

“வெக்கமா இல்ல உனக்கு?”

“உன் எழுத்தையும் பாத்தேன். அந்தக் காட்டரிசி ஹாட்டிஷ்,” என்றாள் கெய்லீன். “வித்தியாசமா இருந்துச்சு.”

மினசோட்டாவில் பிறந்த ஒருத்தி உன் சமையலை வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால் அதற்குமேல் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. ரெனே தொலைபேசியை வைத்துவிட்டாள்.

உடனே உட்கார்ந்து இரண்டாவது பின்னூட்டம் எழுதினாள். ‘நான் இவளுடைய அக்கா. மேலே இருப்பதை நான் படிக்காமல் எழுதினேன். இவள் வந்தது நாலு நாள்.’ அனுப்பினாள். ‘உங்கள் கருத்து ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது’ என்று வந்தது. கால் மணியில் அந்த வரியும் காணாமல் போயிற்று. முதலாவது மட்டும் உச்சியில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே கெய்லீன் இப்போது பதில் போட்டிருந்தாள்: ‘வந்து படித்ததற்கு நன்றி, அன்பு அக்கா.’ ஒரு இதயம் வேறு.

அன்று சாயங்காலம்தான் டான்யாவின் மின்னஞ்சல் வந்தது. மூன்று மாதமாக ரெனே தவம் கிடந்தது அதற்குத்தான். காட்டரிசி ஹாட்டிஷ் அடுத்த செவ்வாய் முகப்பில் வருகிறது. இந்த வாரம் டான்யா பொறுக்கியெடுத்த ஐந்து பதிவுகளில் முதலிடம். டான்யாவுக்கு முப்பதாயிரம் வாசகர்கள். ‘அன்றைக்கு நீங்கள் புதிதாக ஒன்றை இணைத்தால் நல்லது, கூட்டம் உங்கள் பக்கம்தான் வரும். ஏழாம் விதி நினைவிருக்கட்டும்: மேசையில் சண்டை கூடாது. மனசு நோகிற பதிவுகளை எடுத்துவிடுவேன், அதன்பிறகு உங்களைச் சேர்க்கவும் மாட்டேன்.’

ரெனே அதை இரண்டு தடவை படித்தாள். முப்பதாயிரம் பேர். ஆர்டிஸ் சித்தியின் கூட்டத்தில் பதினாலு பேர்தான்.

கணவன் டுவெய்ன் இருட்டும் நேரத்தில் வந்தான். உறைந்த ஏரியின் மேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிலைப் பனிக்கட்டி இளகுவதற்குள் இழுத்து வந்தாக வேண்டும், அந்த வேலை. காலணியைக் கழற்றிக்கொண்டே மனைவி சொன்னதையெல்லாம், அடுத்த செவ்வாய்க்கு அம்மாவின் கதையை எழுதப்போவதையும் சேர்த்து, கேட்டான்.

“அந்த டான்யாவோட ஆளுங்க பாக்கற அன்னைக்கேவா எழுதப் போற?”

“அன்னைக்குத்தான். மொத்தமும் எழுதுவேன். எத்தனை போர்வை, எத்தனை பஞ்சு, எல்லாம்.”

“அந்தப் பொம்பளை உன்னைத் தூக்கிடுவான்னு சொல்ற. மூணு மாசமா இதுக்குத்தான் காலைல எந்திரிச்ச.”

“தூக்கட்டும்.”

“குடும்பக் குப்பையை நடுரோட்டுல கொட்டணுமா ரெனே?”

“அவ கொட்டிட்டா. நான் கூட்டறேன்.”

டுவெய்ன் சண்டைக்கு வருகிற ஆள் இல்லை. உருளைக்கிழங்கைச் சூடு பண்ணிச் சாப்பிடப் போய்விட்டான்.

நாலு நாள் எழுதினாள். அவள் அதுவரை எழுதியதில் அதுதான் நல்ல எழுத்து. சர்க்கரையே போடவில்லை. அம்மாவைத் தூக்கித் தன் முதுகு போனதை எழுதினாள். இருபத்தெட்டு போர்வை. மனசு விட்டுப்போய் ஒரு நாள் கொட்டகையில் போய்க் கத்தியது. கடைசியாக இப்படி முடித்தாள்: ‘அம்மா சாக நாலு நாள் இருக்கும்போது என் தங்கை வந்தாள். வந்தவள் சாப்பாட்டு அறைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். பதினொரு மாதம் பார்த்த நான் சோபாவில் கிடந்தேன். அம்மாவின் மூச்சு நின்றபோது நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அதை நான் மன்னிக்கவில்லை.’

செவ்வாய் காலை ஆறு மணிக்கு இணைத்தாள். மூன்றாவது இடம். படம் இல்லாமல் பட்டியல் ஏற்காது. இதுவரை எதிலும் போடாததாகக் கைவசம் இருந்தது எலுமிச்சை பார் படம் ஒன்றுதான், அதையே போட்டாள். டான்யா தன்னைத் துரத்தப்போவதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு காபி போடப் போனாள்.

ஏழு மணிக்குப் பார்த்தாள். பன்னிரண்டு பின்னூட்டம்.

‘அருமை. பார்க்கவே நாக்கு ஊறுகிறது.’

‘இந்த வாரக் கடைசியில் செய்து பார்க்கப் போகிறேன். அடுப்புச் சூடு எவ்வளவு?’

‘சர்க்கரையைக் குறைத்தால் வருமா?’

பதிவில் அடுப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. செய்முறையே இல்லை. ரெனே ஒவ்வொன்றாகக் கீழே போனாள். எட்டு மணிக்கு நாற்பது, பத்து மணிக்குத் தொண்ணூறு. ‘என் அத்தையும் இப்படித்தான் செய்வாள்.’ ‘குடும்பத்தின் அன்பு தெரிகிறது. அம்மாவைப் பற்றிப் படித்ததும் நெகிழ்ந்துவிட்டேன்.’ இதை எழுதியவளிடமும் ஒரு கோப்பு இருக்கும், அதில் இதுதான் நாலாம் நம்பராக இருக்கும். டான்யாவும் வந்துவிட்டுப் போயிருந்தாள். ‘இந்த வார நட்சத்திரமே, வாழ்த்துகள். எலுமிச்சை எனக்கு உயிர்.’ துரத்தவில்லை. துரத்துவதற்கு முதலில் படிக்க வேண்டுமே.

ரெனேக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். உள்ளே இருந்ததையெல்லாம் வாரி ஊர் நடுவில் வைத்தால், ஊரே அடுப்புச் சூடு எவ்வளவு என்று கேட்கிறது. நூறு பேரில் ஒருத்தியாவது, ஒரே ஒருத்தியாவது, இரண்டாவது வரிக்குப் போயிருக்கக் கூடாதா? ஒவ்வொருத்தியையும் பெயர் பெயராகத் திட்டினாள். சமையலறையில் தனியாக, வாய்விட்டு.

பகல் பன்னிரண்டுக்கு ஒன்று வந்தது. அது மட்டும் நீளமாக இருந்தது. ரெனேயும் கெய்லீனைப் போலவே ஒப்புதல் பூட்டு போட்டுவிட்டிருந்தாள், சனிக்கிழமைதான், அவள் பெயரில் வருவதற்கு மட்டும். அதனால் அந்தப் பின்னூட்டம் வெளியே தெரியாமல் இவள் கண்ணுக்கு மட்டும் வந்து நின்றது.

‘மொத்தமும் படித்தேன். இரண்டு தடவை. என்னைத் தவிர வேறு யாரும் படிக்க மாட்டார்கள் என்று உனக்கே இப்போது தெரிந்திருக்கும். இருபத்தெட்டு போர்வை உண்மை. முதுகு உண்மை. நாலு நாள் உண்மை. நான் அதற்கு வெட்கப்படுகிறேன், அதை உன்னிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் கதவை நான் சாத்தவில்லை. அம்மாவிடம் கடைசியில் மிஞ்சியிருந்தது ஏழெட்டு வார்த்தை. அதில் ஒன்று கதவு. உன் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அதைத்தான் சொன்னாள். நாலு நாளும். உனக்குத் தெரியக் கூடாது என்று இரண்டு வருடமாகப் பழியை என் மேலேயே போட்டுக்கொண்டேன். கெய்லீன்.’

ரெனே எழுந்தாள். உட்கார்ந்தாள். பொய், என்றாள். பாரை வாயில் வைத்தேன் என்று எழுதியவள் இதை எழுத மாட்டாளா?

டுவெய்ன் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். மேசையின் அந்தப் பக்கம் நின்றபடி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அந்த நாலு நாளும் அவனும் அம்மா கிடந்த வீட்டில்தான் இருந்தான். கட்டிலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

“அம்மா போறதுக்கு முன்னாடி அந்தக் கதவு,” என்றாள். “அதை யார் சாத்தினது?”

வெண்ணெய்க் கத்தி நின்றது.

“இப்ப எதுக்கு அது?”

“யார் சாத்தினதுன்னு கேக்கறேன்.”

“கெய்லீன்தான் சாத்துவா,” என்றான். ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “உங்கம்மா சாத்தச் சொல்லுவாங்க.”

“எதுக்கு? நான் தூங்கணும்னா? ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தேன், கொஞ்சம் தூங்கட்டும்னு சொல்லியிருப்பாங்க.”

“இருக்கலாம்.”

“இருக்கலாம்னா? நீ கேக்கலையா?”

“கேட்டா சொல்ற நிலையிலயா இருந்தாங்க? அந்த ஒரு வார்த்தைதான் வரும். கை வேற கதவுப் பக்கம் தூக்குவாங்க.” ரொட்டியைக் கடிக்காமல் தட்டில் வைத்தான். “நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட ரெனே. அதுல யாரும் குறை சொல்ல முடியாது.”

அவன் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கை தூக்குவாங்க என்றானே, அது வேறு காதில் நின்றுகொண்டது. பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு அந்த ஒரு கைதான் எழும், அதுவும் லேசில் எழாது. தினம் காலையில் குளிப்பாட்டும்போது ரெனே அதற்காகத்தான் கத்துவாள். தூக்கும்மா. தூக்குன்னு சொல்றேன்ல. நாள் பூரா உன்கூடவே நிக்க முடியுமா, எனக்கு வேற வேலை இல்லையா? பதினொரு மாதம், ஒரு நாள் விடாமல். பதிவில் எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாத ஒரே விஷயம் அதுதான்.

டுவெய்ன் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கணினியில் கெய்லீனின் பின்னூட்டத்துக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ‘வெளியிடு’ என்று ஒன்று, ‘அழி’ என்று ஒன்று. அதற்குப் பக்கத்தில் புதிதாக வந்த பதினேழு பேர் எலுமிச்சையைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

அழி என்பதை அழுத்தினாள். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். பிறகு மேலே போய், அடுப்புச் சூடு கேட்டவளுக்கு முன்னூற்று ஐம்பது டிகிரி என்று பதில் எழுதினாள்.